கடைந்த கிண்ணத்தின் அடியில் பெயர் போடுவது எப்படி?

வாகைப்பிரியன் கேட்கிறார்:

வீட்டுக் கொட்டகையில் சிறிய லேத் ஒன்றைப் போட்டுக் கிண்ணம் கடைந்து வருகிறேன். வாகை, வேம்பு, பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற தேக்கு, இவைதான் என் மரங்கள். உறவினர்களுக்குக் கொடுத்துவந்தவரை பெயர் போடும் எண்ணமே வரவில்லை. இப்போது ஒரு கைவினைக் கடை விற்பனைக்குக் கேட்கிறது. செய்தவர் பெயர் அடியில் இருக்க வேண்டுமாம். நியாயம்தான். ஆனால் ஒட்டுச்சீட்டு ஒட்ட எனக்கு மனமில்லை. நாலு முறை துடைத்தால் போய்விடும்.

வேப்பந்துண்டு ஒன்றில் பர்மனென்ட் மார்க்கரால் எழுதிப் பார்த்தேன். மை நார்வழியே ஓடி, 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொண்டன. மேலே ஷெல்லாக் என்னும் அரக்கு மெருகைப் பூசியதும் மிச்ச எழுத்தும் கரைந்தது. கையெழுத்து தமிழில்தான் இருக்கும்; அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வழி சொல்லுங்கள்.

சூட்டுக்கோல்:

ஐயா, அந்த மார்க்கர் மை ஸ்பிரிட்டில் கரையும். ஷெல்லாக்கோ ஸ்பிரிட்டிலேயே கரைத்தது. கரையாமல் என்ன செய்யும்? மைதான் வேண்டுமென்றால், முதலில் ஷெல்லாக்கை மெல்லியதாக ஒரு கை பூசிக் காயவிடுங்கள், நார் அடைபட்டுவிடும். அதன்மேல் ஓவியர்கள் கோடு வரையும் நிறமி மைப் பேனாவால் எழுதி, மெழுகு தேய்த்து முடியுங்கள்.

நான் மையைத் தொடுவதில்லை. மின்சாரச் சூட்டுக்கோலால் எழுதுகிறேன். 320 எண் உப்புத்தாள் வரை தேய்த்ததும், எண்ணெய் பூசுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பூச்சின்மேல் சுட்டால் புகையும் பிசுக்கும்தான் மிஞ்சும். கூர்முனை நாரின் குறுக்கே போகும்போது தடுக்கும். வளைவு நிறைந்த நம் எழுத்துக்கு உருண்டை முனையே நல்லது. சூட்டைக் குறைத்து, அழுத்தாமல் எழுதுங்கள். முனையை மரத்தில் வைத்துவிட்டு யோசித்தால் அங்கே கரும்பொட்டு விழும். கை நகரத் தொடங்கிய பிறகுதான் முனை மரத்தைத் தொட வேண்டும். முடிக்கும்போதும் அப்படியே, நகர்ந்தபடியே தூக்குங்கள்.

பித்தளை முத்திரை செய்து சுடலாம் என்று யாராவது சொல்லக்கூடும். நம் எழுத்தைச் சிறிதாக வெட்டினால் சுழிகளுக்குள் கரி ஏறிவிடும். குழிவான அடியில் தட்டை முத்திரை முழுதாகப் பதியவும் பதியாது.

அரக்குக்கை:

நாங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் சொப்புச் சாமான் கடைகிறவர்கள். எங்கள் வீட்டில் எவரும் பெயர் போட்டதில்லை. கோடு விழுந்திருக்கும் இடத்தைப் பார்த்தே இது அப்பா கடைந்தது, இது சித்தப்பா கடைந்தது என்று சொல்லிவிடுவோம். பெயரோடு நீங்களும் ஒரு கோட்டை வைத்துக்கொள்ளலாமே.

உளி முனையால் வெளிப்புறத்தில் மெல்லிய பள்ளம் இடுங்கள். லேத் சுழலும்போதே அதில் இரும்புக் கம்பியை அழுத்தினால், உரசும் சூட்டில் பள்ளம் கறுத்துவிடும். கம்பியின் இரு முனைகளிலும் மரக் கைப்பிடி கட்டாயம். விரலில் சுற்றிக்கொண்டு செய்கிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

அரக்கு ஏற்றிய பொருளென்றால் இன்னும் சுலபம். மஞ்சள் அரக்கின்மேல் கறுப்பு அரக்கை ஏற்றி, ஊசியால் கீறி எழுதினால் மஞ்சள் எழுத்து தெரியும்.

பழைய உளி:

எப்படி எழுதுவது என்பதைவிட எதை எழுதுவது என்று யோசியுங்கள். கலிபோர்னியாவில் வாழ்ந்த மரக்கிண்ணக் கடைசல் கலைஞர் பாப் ஸ்டாக்ஸ்டேல் (1913–2003) தன் பெயரோடு மரத்தின் பெயரையும் அது வந்த இடத்தையும் கிண்ணத்தின் அடியில் எழுதுவார். வாங்குகிறவர் முதலில் கேட்பதும் 'இது என்ன மரம்?' என்பதைத்தானே. ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்கு முன் கிண்ணத்தைத் திருப்பி மாட்டி, சக் (லேத்தில் மரத்தைக் கவ்வும் பிடி) பிடித்த தடத்தைக் கடைந்து எடுத்து, அடியை லேசாகக் குழித்துவிடுங்கள். கிண்ணமும் ஆடாது, எழுத்தும் மேசையில் உரசாது. ஈட்டி மரம் (ரோஸ்வுட்) போன்ற கறுத்த மரத்தில் சுட்டது கண்ணுக்குத் தெரியாது; அங்கே பொறித்து, பொன்னிற மெழுகைத் தேய்த்து நிரப்ப வேண்டும்.

வாகைப்பிரியன்:

மிக்க நன்றி. சூட்டுக்கோலும் கம்பிக் கோடும் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு சந்தேகம். என்னிடம் இருக்கும் தேக்கு, காரைக்குடிப் பக்கம் இடித்த வீட்டின் உத்தரம். பர்மாவிலிருந்து வந்த மரம். ஊர் என்று எதை எழுதுவது?

பழைய உளி:

இரண்டையும் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் உங்கள் பெயரைச் சுருக்குங்கள்.