புதுப்பிப்பு: ரெட் ஃபுட்டேஜ் இப்போது விக்காமல் ஓடுகிறது

முந்தைய கேள்வியின் தொடர்ச்சி. தாராவியில் எடுத்த ஆவணப்படம், ரெட் கேமராவின் 6கே ஆர்3டி கோப்புகள் (ரெட் கேமராவின் ரா, அதாவது பதப்படுத்தாத, வீடியோக் கோப்பு). என் லேப்டாப்பில் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் விக்கி விக்கி ஓடியது. எல்லாக் கோப்புகளையும் நிரந்தரமாக வேறு வகைக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தேன்.

மூலத்தைத் தொடாமல் பிராக்ஸி (எடிட்டுக்கு மட்டுமான சிறிய நகல்) மட்டும் போடச் சொன்ன செம்பூர் அண்ணனுக்கு நன்றி. ரா கோப்பில் ஐஎஸ்ஓவையும் ஒயிட் பேலன்ஸையும் பிறகும் மாற்றலாம். நிரந்தரமாக வேறு கோப்பாக்கினால் அந்தச் சலுகை போச்சு.

பிராக்ஸி எடுக்க டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். டெலிவர் பக்கத்தில் 'இன்டிவிஜுவல் கிளிப்ஸ்', கோப்புப் பெயருக்கு 'சோர்ஸ் நேம்', 1080பி, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி (எடிட்டுக்கு இலகுவான வீடியோ வகை). 24 ஃபிரேமில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 16 ஜிபிதான். லாக் படம் (வண்ணம் சேர்க்கும் முன் உள்ள வெளிறிய படம்) சாம்பல் பூத்து இருக்குமே, அதனால் பிராக்ஸியை ரெக்.709க்கு (சாதாரண டிவி வண்ணத்துக்கு) மாற்றியே எடுத்தேன். இயக்குநர் பார்த்துப் பயப்படாமல் இருக்க இதுவே வழி.

அப்புறம் பிரீமியரில் 'அட்டாச் பிராக்ஸி' கொடுத்தால் சேரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. காரணம் ஆடியோ. மூலத்தில் நான்கு சேனல், பிராக்ஸியில் இரண்டு. ரிசால்வில் ஆடியோ டேபில் 'சேம் ஆஸ் சோர்ஸ்' வைத்து மறுபடி எடுத்ததும் ஒட்டிக்கொண்டது. ஃபிரேம் ரேட்டும் டைம்கோடும்கூட (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேரக் குறி) ஒத்துப்போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: நீளமான ஷாட் _001, _002 என்று துண்டுகளாக ஆர்டிசி ஃபோல்டருக்குள் இருக்கும். ஃபோல்டரோடு நகலெடுங்கள், பெயரை மாற்றாதீர்கள். எடிட் முடிந்து ஏற்றுமதி செய்யும்போது பிரீமியர் வழக்கமாக மூலக் கோப்பையே எடுத்துக்கொள்ளும். வண்ணம் சேர்க்கும் கலரிஸ்ட்டுக்கு எக்ஸ்எம்எல் (எடிட் விவரக் கோப்பு) அனுப்பியாகிவிட்டது.