பார்க்கின்சன் உள்ள கணவரோடு பெக்கோ ட்ரெயில் நடக்கலாமா?

நோர்வூட் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 59. என் கணவருக்கு 63. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்து, வெளிக்கள உத்தியோகத்தராக ஓய்வுபெற்றவர். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் மலை ஏறி இறங்கிய கால். அவருக்கு இப்போது பார்க்கின்சன்.

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 வருஷம் ஆனதற்காக 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள் அல்லவா, ஆகஸ்ட் 12 கடைசி நாளில் நாங்களும் மாத்தளைக்குப் போய்க் கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடந்தோம். மகள் போனில் எடுத்த வீடியோவை இரவு வீட்டில் போட்டுப் பார்த்தால், இவருடைய இடது கை வீசி நடக்கிறது, வலது கை அசையாமல் அப்படியே தொங்குகிறது. நடுக்கம் ஒன்றும் அப்போது இல்லை. அந்தக் கையைக் காட்டப் போய்த்தான் நோய் தெரிந்தது.

இப்போது இந்த நோய்க்கான லெவோடோப்பா மாத்திரை நாளைக்கு நான்கு வேளை. மாத்திரை பிடித்திருக்கும் நேரத்தில் பழைய மனிதராகவே நடக்கிறார். அது இறங்கும் நேரத்தில், வாசல்படியிலும் திரும்பும் இடத்திலும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுகிறார்.

இவருக்கு ஒரே ஆசைதான். ஹந்தானையில் தொடங்கித் தேயிலை மலைகள் வழியாக நுவரெலியாவில் முடியும் பெக்கோ ட்ரெயில் என்ற நெடும் நடைபாதையை என்னோடு நடக்க வேண்டுமாம். "வெளிநாட்டுக்காரங்க எல்லாம் பை மாட்டிக்கிட்டு நம்ம மலையில நடக்குறாங்க, நான் நடந்து திரிஞ்ச பாதையை ஒருதரம் உன்கூட நடக்கணும்" என்கிறார். உண்மைதான், அவர் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போவார், நான் பாடசாலைக்கு ஓடுவேன், இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து நடந்ததே இல்லை. பிள்ளைகள் இருவரும் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். விழுந்தால் யார் தூக்குவது என்று மகன் கேட்கிறான், எனக்குப் பதில் இல்லை. இப்படி ஒரு நோயோடு கணவன் மனைவியாக நடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கையைப் பிடித்துக்கொண்டே போனால் போதுமா?

வட்டகொடையான்:

டீச்சர், முதலில் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நான் இழுத்துத்தான் என் மனைவியை விழுத்தினேன்.

அவளுக்கு ஏழு வருஷமாக இதே நோய். வட்டகொடையிலிருந்து கொட்டகலைக்குப் போகும் கட்டத்தை நாங்கள் நான்கு தடவையாகப் பிரித்து நடந்தோம், ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிவிட்டு. முதல் நாளே தேயிலைக்கு நடுவில் ஒரு கான், அதன் மேல் ஒரு ஆள் போகிற அகலத்துக்குக் கொங்கிரீட் பலகை. ஒடுக்கமான இடத்தைக் கண்டதும் அவள் கால் நின்றுவிட்டது. நான் அக்கரையில் நின்று "வா வா" என்று கையை இழுத்தேன். உடம்பு வந்தது, கால் வரவில்லை. முழங்காலில் இரத்தம்.

மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கூடையோடு இறங்கி வந்தார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். கொழுந்து எடுக்கும்போது மட்டம் பார்க்கக் கையில் வைத்திருந்த மட்டக்கம்பை என் மனைவியின் காலுக்கு முன்னால் குறுக்கே போட்டு, "இதைத் தாண்டு தாயி" என்றார். தாண்டினாள். கம்பை எடுத்து இன்னும் ஓரடி தள்ளிப் போட்டார், அதையும் தாண்டினாள். மூன்றாம் தரம் கம்பு தேவைப்படவில்லை. அந்த அம்மாவுக்கு இந்த நோயின் பெயர்கூடத் தெரியாது, தன் மாமனாருக்குத் தான் இப்படித்தான் செய்ததாகச் சொன்னார். பிறகு கிளினிக்கில் கேட்டபோது, தரையில் ஒரு கோடோ கம்போ தெரிந்தால் மூளை வேறு வழியில் காலைத் தூக்க வைக்கும், உலகம் முழுக்க இதைத்தான் பழக்குகிறார்கள் என்று விளக்கினார்கள்.

திரும்பும்போது நின்ற இடத்திலேயே திரும்ப விடாதீர்கள், லொறி வளைவது போல அகலமாகச் சுற்றி வரட்டும். அப்புறம் எங்களுக்குக் கஷ்டமாக இருந்த ஒன்று: நடக்கும்போது பேசக் கூடாது. பேச்சில் கவனம் போனால் அடி குறுகிவிடும். எவ்வளவோ கதைக்கலாம் என்று கிளம்பிய எங்களுக்கு அது பெரிய ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் கல்லில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற அந்தப் பத்து நிமிஷத்தில் நாங்கள் பேசியதுபோல கல்யாணம் கட்டிய நாளிலிருந்து பேசியதில்லை.

பதுளை நேர்ஸ்:

அக்கா, வைத்தியரிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், அதில் மாற்றம் இல்லை. பெரும்பாலும் நடக்காதே என்று சொல்லமாட்டார், இந்த நோய்க்கு உடற்பயிற்சி நல்லது. நான் சொல்ல வருவது மாத்திரையைப் பற்றி.

தூரத்தைப் பார்த்து நடையைத் திட்டமிடாதீர்கள், மாத்திரை நேரத்தைப் பாருங்கள். ஒரு வாரம் கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போட்டார், எத்தனை நிமிஷத்தில் கால் இலகுவானது, எப்போது திரும்ப இறுகியது. அந்த நல்ல நேரத்துக்குள் போகவும் வேண்டும், பாதுகாப்பான இடத்துக்கு வந்து சேரவும் வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டால் நல்லது, ஏனென்றால் புரதமும் இந்த மருந்தும் ஒரே வழியால்தான் உள்ளே போகின்றன. நடக்கிற நாளில் பருப்பு, முட்டை, கருவாடு எல்லாம் இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கட்டும், காலையில் ரொட்டியும் சம்பலும் போதும். இரும்புச்சத்து மாத்திரை போடுபவரானால் அதையும் இதையும் சேர்த்துப் போடக் கூடாது.

கொண்டுபோகும் மாத்திரைகளை இரண்டு பங்காக்கி உங்கள் பையில் பாதி, அவர் பையில் பாதி வையுங்கள். பை தொலைந்து மருந்து திடீரென்று நின்றுபோனால் ஆபத்து, சும்மா விறைப்பு கூடுவதோடு போகாது.

பஸ் வளைவுகளில் வாந்தி வருகிறது என்று கடையில் மாத்திரை கேட்பீர்கள். மெட்டோகுளோபிரமைட் மட்டும் வேண்டாம், அது இந்த நோயைக் கூட்டிவிடும். என் அப்பாவுக்கு ஒரு பார்மசியில் அதைக் கொடுத்து, இரண்டு நாள் கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் கிடந்தார். எந்தக் கடைக்குப் போனாலும் "இவருக்கு பார்க்கின்சன்" என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உட்கார்ந்து எழும்பும்போது பிரஷர் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம், அதனால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு நடக்கட்டும். குளிரில் தாகம் தெரியாது, தண்ணீரைக் கேட்காமலே கொடுங்கள். மகன் கேட்ட கேள்விக்கு: 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், ஆனால் அது றோட்டுக்குத்தான் வரும். ஆகவே றோட்டை விட்டு வெகுதூரம் விலகும் கட்டங்களை விட்டுவிடுங்கள்.

கொட்டகலை மூர்த்தி:

பூனைக்காலி விதைத் தூள் கொடுத்துப் பாருங்கள் அம்மா. எங்கள் பெரியப்பாவுக்குக் கை நடுக்கம் நன்றாகக் குறைந்தது.

பதுளை நேர்ஸ்:

மூர்த்தி அண்ணா, குறைந்திருக்கும், பூனைக்காலியில் இருப்பதே லெவோடோப்பாதான். அக்காவின் கணவர் ஏற்கெனவே அளவு பார்த்து அதை எடுக்கிறார், அதன் மேல் தூளையும் சேர்த்தால் அளவு தெரியாமல் கூடிவிடும். வைத்தியரிடம் சொல்லாமல் தயவுசெய்து வேண்டாம்.

அப்புத்தளைத் தம்பி:

டீச்சர், நான் இந்தப் பக்கம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவன். பெக்கோ ட்ரெயில் 300 கி.மீ.க்கு மேல், 22 கட்டம், சராசரியாக ஒரு கட்டம் 14 கி.மீ. வரும். முழுக் கட்டம் ஒரே நாளில் உங்களுக்கு வேண்டாம். தோட்டத்து வண்டிப் பாதையாக இருக்கும் துண்டுகளை மட்டும் எடுங்கள், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க இடம் இருக்கும். தெரிந்த த்ரீவீல் ஒன்றைப் பேசி றோட்டு முனையில் நிற்கச் சொல்லுங்கள்.

காலம் முக்கியம். ஹற்றன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல வெயில். எங்கள் ஊவாப் பக்கம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை காய்ந்து கிடக்கும், காற்றுதான் அடிக்கும். மாற்றி வந்தால் மழை, வழுக்கல், அட்டை. அட்டையைப் பிடுங்கக் குனிகிற நேரத்தில்தான் ஆட்கள் தடுமாறி விழுகிறார்கள், அதனால் கிளம்பும்போதே காலுக்குச் சவர்க்காரம் தேய்த்து, காற்சட்டையைச் சப்பாத்துச் சொக்ஸுக்குள் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்ததில் மலை பல இடத்தில் சரிந்தது. போனில் இருக்கும் பழைய வரைபடத்தை நம்பிப் போகாமல் அந்தந்தத் தோட்டத்தில் கேளுங்கள். மழை பெய்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்க வேண்டும்.

இந்த நோய் உள்ள ஒரு ஐயாவோடு போய் நான் கற்றுக்கொண்டது: ஏற்றத்தைவிட இறக்கம்தான் அவர்களுக்குச் சிரமம். உடம்பு முன்னால் சாய்ந்து அடி ஓட்டமாக மாறிவிடுகிறது. தம்பேத்தன்னை தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மலை உச்சியில் உள்ள லிப்டன் சீட் காட்சி முனைக்கு ஏழு கி.மீ., எல்லோரும் வாகனத்தில் ஏறிப்போய் நடந்து இறங்குவார்கள். நாங்கள் முடிந்த வரை நடந்து ஏறிவிட்டு, வாகனத்தில் இறங்கினோம்.

நோர்வூட் டீச்சர்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். மட்டக்கம்புக் கதையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். மகனுக்கும் அனுப்பினேன், முதல் நாள் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறான், பின்னால்தான் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

கொப்பி எழுதியதில் காலை மாத்திரைக்கு 40 நிமிஷம் கழித்து, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நன்றாக இருக்கிறார். கிளினிக்கிலும் கேட்டோம், மெல்ல மெல்லக் கூட்டிப் போகச் சொன்னார்கள். ஜனவரி வரட்டும், நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் கட்டத்தைத் துண்டு துண்டாகத் தொடங்கப் போகிறோம்.

நேற்று ஒத்திகை மாதிரி அவருடைய பழைய தோட்டத்து வண்டிப் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தோம். பேசவில்லை. வளைவில் ஒரு தடவை கால் நின்றுவிட்டது. என் கை தானாக அவர் கையைப் பிடிக்கப் போனது, அடக்கிக்கொண்டு கொய்யாக் கம்பை முன்னால் போட்டேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு தாண்டினார். தாண்டியதும் நின்று, மேலே கையைக் காட்டி, "இது பன்னிரண்டாம் நம்பர் மலை, இங்க தேயிலையைக் கவ்வாத்து வெட்டின வருஷம்தான் மூத்தவன் பொறந்தான்" என்றார். காட்டியது வலது கையால்.