கத்தி வேண்டாம் என்கிற பாட்டில் இவ்வளவு வல்லினமா?

வாலிநோக்கத்திலிருந்து:
உப்பளத்து வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். போர்ப்பாட்டு ஒன்றை அலகிட்டுக் காட்ட (சீர்களை அசை அசையாகப் பிரித்துக் காட்ட), நாமக்கல் கவிஞரின் ‘கத்தியின்றி ரத்தமின்றி யுத்தமொன்று வருகுது’ பாட்டை எடுத்தேன். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போனவர்கள் பாடிக்கொண்டே நடந்த பாட்டு என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “உப்பு அள்ளுனதுக்கா டீச்சர் ஜெயிலு?” என்றாள் ஒருத்தி. அவள் அம்மா தினமும் அதைத்தானே அள்ளுகிறார்!

கத்தி, ரத்தம், யுத்தம். அடுத்த அடியில் சத்தியம், நித்தியம். எல்லாவற்றிலும் இரண்டாம் எழுத்து ‘த்’, எதுகை. அலகிட்டால் கத்/தியின்/றி, நேர் நிரை நேர், அதற்கு வாய்பாடு கூவிளங்காய். அடுத்த இரண்டு சீரும் அதேதான். ‘வருகுது’ மட்டும் கருவிளம். வாய்பாட்டில் கொட்டாவி விட்ட ஒரு பையன் தரையில் காலைத் தட்டிப் பார்த்தான்: ‘கத்’துக்கு இடது கால், ‘யின்’னுக்கு வலது கால். மூன்று சீர் வரை கால் பிசகவில்லை. அப்புறம்தான் மற்றவர்களுக்கும் அலகிடுவது பிடிபட்டது.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்துகிறது. கத்தியே வேண்டாம் என்கிறவர் ஏன் இப்படி வல்லினமாக அடுக்குகிறார்?

தொண்டியிலிருந்து:
அதுதான் சாமர்த்தியம் டீச்சர். ஓசையில் முழுப் போர், பொருளில் ஆயுதமே கிடையாது. கல்லூரியில் எங்கள் ஐயா கலிங்கத்துப்பரணியை எடுத்து ‘எடுமெடும் எடுமென எடுத்ததோர் இகலொலி கடலொலி இகக்கவே’ என்று வாசித்தால் ஜன்னல் அதிரும். ஜெயங்கொண்டார் அடுக்க அடுக்கப் படை பெருகும். இவரோ ‘குதிரையில்லை யானையில்லை’ என்று ஒவ்வொன்றாகக் கழிக்கிறார். இன்றி, இன்றி, இல்லை, இல்லை. திரும்பத் திரும்ப வந்து காதில் விழுவது அந்த மறுப்புதான். போரில் ஆயிரம் யானையைக் கொன்றவனுக்குப் பாடுவது பரணி என்பார்கள். யானையே இல்லாமல் ஒரு பரணி என்று இதை வைத்துக்கொள்ளலாம் (தமிழாசிரியர்கள் அடிக்க வராமல் இருந்தால்).

மண்டபத்திலிருந்து:
இலக்கணம் எனக்குத் தெரியாது. கரைவலை இழுக்கும்போது ஒருத்தர் அம்பா (வலை இழுக்கும் பாட்டு) எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவோம். அழுத்தம் விழும் இடத்தில் எல்லாரும் சேர்ந்து இழுக்க வேண்டும். இந்தப் பாட்டை மாமாவிடம் சொல்லிக் காட்டினேன். வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, “முதல் மூணுலயும் ரெண்டு ரெண்டு இழுப்பு இருக்குடா. ‘வருகுது’ல பிடிமானமே இல்லை, அங்க கயித்தை மாத்திப் பிடிச்சுக்கலாம்” என்றார். டீச்சர் சொன்ன கருவிளம் அதுதானோ?