பதில்: 'அப்டைம்' கட்டளைக்குத் தமிழ்ச்சொல்: 'இயக்க நேரம்' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம். கணினி கடைசியாகத் தொடங்கியதிலிருந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று காட்டும் 'அப்டைம்' கட்டளைக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> 'இயக்க நேரம்' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. ஒரு நிரல் ஓடும் நேரத்தைச் சொல்லும் ரன்டைமுக்கு அதே சொல்லை ஏற்கெனவே பலர் புழங்குகிறார்கள். இன்னொருவர் சொன்ன 'பணிநேரம்' இங்கே கேரளத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எடுபடாது. வேலை நேரத்தை மலையாளத்தில் 'பிரவிருத்தி சமயம்' என்று எழுதி ஆபீஸ் வாசலில் பலகை தொங்குமே, எங்கள் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு அதுதான் ஞாபகம் வரும்.

சரி, கட்டளை என்ன காட்டுகிறது என்று பாருங்கள். லினக்ஸ் டெர்மினலில் அப்டைம் என்று அடித்தால் ஒரே வரி: முதலில் இப்போதைய மணி, 10:42:07 என்பதுபோல, அடுத்து 'அப் 3 டேஸ், 4:12', அப்புறம் எத்தனை பேர் லாகின் செய்திருக்கிறார்கள், கடைசியில் 1, 5, 15 நிமிடங்களுக்கான சராசரிச் சுமை. இதில் அந்த 4:12-ஐப் பிள்ளைகள் கடிகார மணியாகவே வாசிக்கிறார்கள், அது 3 நாளுக்கு மேல் போன 4 மணி 12 நிமிடம் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் 'நேரம்' வேண்டாம், 'காலம்' என்று வைப்போம். கட்டளையோடு ஒரு கோடும் சிறிய எஸ்ஸும் சேர்த்தால் கணினி பூட் ஆன தேதியும் மணியும் வரும், அதை வேண்டுமானால் 'தொடங்கிய நேரம்' என்போம்.

> 'விழிப்புக்காலம்' எப்படி?

அழகான சொல், எனக்கும் மனசு அங்கேதான் போனது. ஆனால் லேப்டாப்பை ராத்திரி மூடி உறங்க வைத்தாலும் லினக்ஸ் அந்த நேரத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (சீக்கிரம் எழுவதற்காகக் கணினியை முழுதாக அணைக்காமல் வைக்கும் வசதி) இருந்தால் ஷட்டவுன் செய்துவிட்டு மறுநாள் போட்டாலும் டாஸ்க் மேனேஜரில் பழைய கணக்கே தொடரும், ரீஸ்டார்ட் செய்தால்தான் பூஜ்ஜியத்துக்கு வரும். ஆக, எண்ணப்படும் காலம் முழுக்கக் கணினி விழித்திருந்தது என்று சொல்ல முடியாது. 'ஓடுகாலம்' என்றால் வகுப்பில் யாராவது ஓடுகாலி என்பார்கள், அது நமக்கு வேண்டாம்.

என் பரிந்துரை 'உயிர்ப்புக்காலம்'. சார்ஜ் தீர்ந்தால் போன் செத்துப்போச்சு என்றும், ஒயரைச் செருகியதும் உயிர் வந்துடுச்சு என்றும் எல்லோரும் சொல்கிறோம். உறங்கும் கணினிக்கு உயிர் இருக்கிறது, கரண்டு போய் அணைந்த டெஸ்க்டாப்புக்கு இல்லை, அது மறுபடி எழும்போது எண்ணிக்கையும் முதலிலிருந்துதான். விளக்கவே வேண்டியதில்லை.

சர்வர்காரர்கள் சொல்லும் 99.9 சதவீத அப்டைமை இதோடு சேர்க்க வேண்டாம். ஆண்டுக்கு ஏறக்குறைய எட்டேமுக்கால் மணி நேரம்தான் சேவை நின்றிருக்கலாம் என்ற கணக்கு அது. ஒரு கணினி அணைந்தாலும் இன்னொன்று வேலையை எடுத்துக்கொண்டால் சேவை நின்றதாகாது. அதற்குக் 'கிடைப்பு' போதும்.

சேவை நின்றிருக்கும் நேரமான டவுன்டைமுக்கு 'முடக்கக்காலம்' என்று நினைத்தேன். ஆனால் பராமரிப்புக்காக முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்துவதை முடக்கம் என்பதா? சர்வர் பார்ப்பவர்கள் யாராவது எழுதுங்கள்.