ஜன்னல் லைட் ஃப்ரேம்: மூணாவது ஜன்னல் மங்குதுங்க

வணக்கமுங்க, ஈரோட்டுல இருந்து எழுதறேன். கிறிஸ்துமஸுக்கு ரோட்டுப் பக்கத்து ஜன்னல் மூணுக்கும் நானே எல்இடி லைட் ஃப்ரேம் செஞ்சுட்டிருக்கறனுங்க. ஒவ்வொண்ணும் 4க்கு 4 அடி. முக்கால் இஞ்ச் பிவிசி பைப், மூலைக்கு எல்போ, ஜன்னல் கம்பியோட கேபிள் டை. சுத்தளவு 16 அடிங்கறதால 5 மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப் ரோல் ஒண்ணு கச்சிதமா உக்காருது. 12 வோல்ட், மீட்டருக்கு 60 லைட், 14.4 வாட்.

நான் பண்ணுன கூத்து என்னன்னா, மூணு ரோலையும் வரிசையா ஒண்ணோட ஒண்ணு சேத்து, ஒரே 10 ஆம்பியர் அடாப்டர்ல குடுத்துட்டேன். முதல் ஜன்னல் பளிச்சுனு இருக்குது, மூணாவது சீமெண்ணெய் விளக்காட்டம் மினுங்குது. அடாப்டரும் கொதிக்குது. அப்பறந்தான் கணக்குப் போட்டேன்: ஒரு ரோலுக்கே 6 ஆம்பியர், மூணுக்கு 18!

தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஜன்னலுக்கு ஒரு அடாப்டர் நல்லதா, இல்ல பெருசா ஒண்ணு வாங்கி தனித்தனி ஒயர் இழுக்கறதா? தூரத்து ஜன்னல் 25 அடி, எத்தனை எம்எம் ஒயர் வேணும்? மார்கழிப் பனிக்கு, வெட்டி ஈயம் பத்தவெச்ச முனையில சிலிக்கான் பூசுனாப் போதுமா?

எங்கம்மா, "நட்சத்திரம் ஒண்ணத் தொங்கவுட்டாப் பத்தாதா சாமி"ங்கறாங்க. கேரல் ரவுண்டு வர்றதுக்குள்ள முடிக்கோணுமுங்க.