மைனஸ் எண்ணுக்கு ஆன்டிலாக்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

பாளையங்கோட்டை, டியூஷன் ஆசிரியர்:

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் படிக்க வரும் பிள்ளைகள் பலரும் எதிர்மடக்கையில் (ஆன்டிலாக், அதாவது 10-இன் அடுக்கு தெரிந்தால் எண்ணைக் கண்டுபிடிப்பது) இடறுவது ஒரே இடத்தில்தான். நாங்குநேரிப் பக்கத்து மாணவி ஒருத்தி, அவங்க வயக்கிணத்துத் தண்ணீரைச் சோதித்த தாளைக் கொண்டுவந்தாள். பிஹெச் 8.3. லிட்டருக்கு எத்தனை மோல் ஹைட்ரஜன் அயனி என்ற அளவின் லாக்கை மைனஸ் மாற்றி எழுதினால் வருவதுதான் பிஹெச்.

"சார், ஹைட்ரஜன் அயனி எவ்வளவுன்னு பாக்கேன். மைனஸ் 8.3-க்கு ஆன்டிலாக் எடுக்கணும். .3-க்கு நேரா 1995 இருக்கு. அத எழுதிரட்டுமா?"

எழுதக் கூடாது. ஆன்டிலாக் அட்டவணையில் இருப்பதெல்லாம் .0000 முதல் .9999 வரை, பூச்சியமும் நேர் எண்களும்தான். −8.3-ல் அந்த .3-உம் மைனஸ். அதனால் முதலில் −9 + 0.7 என்று பிரிக்க வேண்டும். இதைத்தான் பார் 9 புள்ளி 7 என்கிறோம். கோடு 9-க்கு மேல் மட்டும்; .7 நேர் எண்ணாகவே நிற்கும். .7000-க்கு 5012. விடை, லிட்டருக்கு 5.012 × 10⁻⁹ மோல். .3-ஐ அப்படியே பார்த்து பார் 8 போட்டிருந்தால் 1.995 × 10⁻⁸ வந்திருக்கும், ஏறக்குறைய நாலு மடங்கு.

போட்டு முடித்ததும் அவளே கேட்டாள்: "பக்கத்துத் தோட்டத்துல 7.3 சார். ஒண்ணுதான வித்தியாசம்னு அப்பா சொல்லுதாங்க." அதையும் போடச் சொன்னேன். 5.012 × 10⁻⁸. பத்து மடங்கு! அந்த இலக்கங்கள் அப்படியே இருக்க, அடுக்கு மட்டும் நகர்ந்ததைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை முகத்தில் வந்த தெளிவுக்காகவே இந்தப் பாடத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் நடத்தலாம்.

அம்பாசமுத்திரம், ஓய்வு பெற்ற கணக்கர்:

சார் சொன்னது சரி. கூட்டுவட்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. நாங்க கிளார்க்ஸ் டேபிள்ங்கிற லாக் அட்டவணைப் புத்தகம் வச்சிப் படிச்ச ஆளுக. 10,000 ரூபாய், 8 சதவீதம், 10 வருஷம். 1.08-க்கு லாக் 0.0334. பத்தால் பெருக்கி, 10,000-க்கு லாக்கான 4-ஐச் சேர்த்தால் 4.3340. ஆன்டிலாக் 21,580. ஆனால் உண்மையான தொகை 21,589. ஒன்பது ரூபாய் எங்கே போச்சு? லாக்கில் விட்டுப்போன கடைசித் துணுக்கும் பத்தால் பெருகிவிட்டது. 0.03342 என்று ஓர் இலக்கம் கூட வைத்தால் .3342; .33 வரிசையில் 4-ன் கீழ் 2158, கடைசி 2-க்கு அட்டவணை ஓரத்தில் உள்ள சராசரி வித்தியாசம் 1 சேர்த்து 2159. விடை 21,590. ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹென்றி பிரிக்ஸ் 1624-ல் 14 தசம இடம் வரை மடக்கை (லாக்) போட்டு அச்சிட்டதன் அருமை இப்படிப்பட்ட கணக்கில்தான் புரியும்.

வள்ளியூர், கல்லூரி மாணவி:

அண்ணாச்சி, பொதுத்தேர்வுல கால்குலேட்டர் கிடையாதுல்லா, அதனால நான் விடைக்குத் திரும்ப லாக் எடுத்துப் பாத்துருவேன். 5.012-க்கு .7000, அடுக்கு மைனஸ் 9. கூட்டினா −8.3. பொருந்தலைன்னா பார் போட்ட இடத்தத்தான் முதல்ல பாப்பேன்.