குவாசிமோட்டோவின் 'தி அன்சீன்': அந்தக் கீச்சுக் குரலை எப்படிப் பதிவு செய்வது?

கேசட்மணி

வணக்கம். அமெரிக்க ராப் இசைத் தயாரிப்பாளர் மேட்லிப், குவாசிமோட்டோ என்ற பெயரில் 2000-இல் ஸ்டோன்ஸ் த்ரோ இசை நிறுவனம் மூலம் வெளியிட்ட முதல் ஆல்பம் 'தி அன்சீன்'. அதில் வருவது போல ஒரே ஆளின் கட்டைக் குரலும் கீச்சுக் குரலும் மாறி மாறிப் பேசுகிற ராப் ஒன்றைத் தமிழில் செய்கிறேன். பீட் (அடியில் ஓடும் தாள இசை) 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 90 அடி. குரலைச் சாதாரணமாகப் பதிந்துவிட்டு பிட்ச் ப்ளக்-இன்னில் (சுருதி மாற்றும் மென்பொருள்) 5 செமிடோன் (அரைச்சுரம்) ஏற்றினால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி வருகிறது. ஆல்பத்தில் கேட்கும் சோம்பலும் குறும்பும் துளிகூட வரவில்லை. எங்கே தவறு? ஆடாசிட்டி, ஏபிள்டன் என்ற ஒலிப்பதிவு மென்பொருள்கள் இரண்டும் இருக்கின்றன.

நாலாம்_டிராக்

தவறு ப்ளக்-இன்னில் இல்லை, வரிசையில்தான் இருக்கிறது. குவாசிமோட்டோ குரல் பதிந்த பிறகு ஏற்றப்பட்டதல்ல. முதலில் பீட்டின் வேகத்தைக் குறைத்து, அந்த மந்த வேகத்துக்கே நிதானமாக ராப் செய்து, பிறகு டேப்பைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தால் வருவது அது. 'மைக்ரோஃபோன் மேத்தமேடிக்ஸ்' பாட்டைக் கவனியுங்கள். குரல் உச்சியில் இருந்தாலும் பேச்சில் அவசரமே கிடையாது. அந்தச் சோம்பல் பாடும்போதே வர வேண்டும், பின்னால் ஒட்டவைக்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. டேப் வேகம் கூடும்போது சுருதியோடு ஃபார்மன்ட்டும், அதாவது தொண்டை, வாய் அறையின் அதிர்வுகளும், அதே விகிதத்தில் மேலே போகும். அதனால்தான் காதுக்கு அது ஒரு குட்டிப் பிராணியின் உடம்பாகத் தெரிகிறது. பிட்ச் ப்ளக்-இன்கள் பலவற்றில் ஃபார்மன்ட் காப்பு தானாகவே போடப்பட்டிருக்கும். சுருதி மட்டும் ஏறும், உடம்பு பெரிய ஆளுடையதாகவே நிற்கும். தகரச் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

ஏபிள்டனில் செய்வது எளிது. பீட் முழுவதையும் ஒரே ஆடியோ கிளிப்பாக இறக்கி, வார்ப் (கிளிப்பை டெம்போவுக்கு ஏற்ப நீட்டிச் சுருக்கும் வசதி) முறையை 'ரீ-பிட்ச்' ஆக்குங்கள். டெம்போவை 71.43-க்குக் குறைத்தால் பீட் 4 செமிடோன் இறங்கிவிடும். அதற்கு ராப் செய்து பதியுங்கள். பதிந்த கிளிப்பிலும் வார்ப் போட்டு, அதன் பிபிஎம் 71.43 என்றே இருக்கிறதா என்று பார்த்து, அதையும் 'ரீ-பிட்ச்' ஆக்கிய பிறகு டெம்போவை 90-க்கு ஏற்றுங்கள். 3 செமிடோன் போதுமென்றால் 75.7, 5 வேண்டுமென்றால் 67.4. இயல்பிலேயே கட்டைக் குரல் உள்ளவர் 5 வரை போகலாம். மற்றவர்கள் 5-க்குப் போனால் பொம்மைக் குரலாகிவிடும்.

வல்லினம்

தமிழில் செய்வதால் ஒன்று சொல்கிறேன். மெதுவாகப் பேசச் சொன்னால் நாம் எல்லாருமே உயிரெழுத்தை இழுப்போம். மெய்யெழுத்தை அவ்வளவாக இழுக்க மாட்டோம். ஆனால் வேகத்தை ஏற்றும்போது இரண்டும் ஒரே விகிதத்தில் குறுகும். உயிர் சரியான அளவுக்கு வந்துவிடும், மெய் அளவுக்கு மீறிச் சுருங்கிவிடும். விளைவு, 'பட்டு' என்றது 'படு' பக்கம் சாயும், 'பக்கம்' என்றதில் இரண்டாவது க் காணாமல் போகும். ஆகவே 71 பிபிஎம்மில் பாடும்போது க்க, ட்ட, ப்ப வரும் இடங்களில் வாயை அடைத்து, தேவைக்கு மேல் கொஞ்சம் பிடித்து வைத்து, பிறகு விடுங்கள். பதியும்போது அது மிகையாகத்தான் படும். ஏற்றிக் கேட்டால் சரியாக இருக்கும். மூச்சு விடும் இடங்களும் குறுகும் என்பதால் சொற்களை நெருக்கி எழுத வேண்டாம். 90-இல் ஒரு பாருக்கு (நான்கு அடி கொண்ட தாளச் சுற்று) 12 அசை சொல்கிறவர் இந்தக் குரலுக்கு 9, 10 என்று எழுதினால் வரி தெளிவாக விழும்.

பதியும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அதன் இரைச்சலும் குரலோடு சேர்ந்து மேலே ஏறி, கூர்மையான 'ஸ்ஸ்' ஆகிவிடும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஹம்மும் 63-க்கு ஏறி கிக் டிரம்மின் அடிப்பகுதியில் போய் உட்காரும்.

கேசட்மணி

மிக்க நன்றி. ஆடாசிட்டியில் முயன்றேன். பீட்டுக்கு 'சேஞ்ச் ஸ்பீட்' 0.79, குரலுக்கு 1.26. குரலின் நிறம் அப்படியே வந்துவிட்டது! ஆனால் 16 பார் முடியும்போது குரல் பீட்டுக்குப் பின்னால் தள்ளாடுகிறது. 'ச', 'ஸ' எல்லாம் காதைக் குத்துகின்றன. டீ-எஸ்ஸர் ('ஸ்' ஓசையை அடக்கும் கருவி) போட்டும் அடங்கவில்லை.

நாலாம்_டிராக்

0.79-ஐயும் 1.26-ஐயும் பெருக்கினால் 0.9954. ஒன்று வரவில்லை. 90 பிபிஎம்மில் 16 பார் என்பது 42.67 விநாடி. இந்தச் சின்ன வித்தியாசமே கடைசியில் 0.2 விநாடி தாமதமாகச் சேர்ந்துவிடும். 0.7937, 1.2599 என்று நான்கு இலக்கம் போடுங்கள், பிடித்துக்கொள்ளும்.

டீ-எஸ்ஸர் பெரும்பாலும் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வைக்கப்பட்டிருக்கும். உங்கள் 'ஸ' 1.26 மடங்கு ஏறி 8, 9 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விட்டது. டீ-எஸ்ஸரை 8.5-இல் வையுங்கள், வேகம் ஏற்றிய பிறகு போடுங்கள். ஹை-பாஸும் (தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர்) அப்படியே, ஏற்றிய பிறகு 130 ஹெர்ட்ஸில். எதிரொலியை மட்டும் பதியும்போது சேர்க்கவே வேண்டாம். அறையின் எதிரொலியும் சேர்ந்து சுருங்கி, டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். கீச்சுக் குரலைக் கட்டைக் குரலைவிட 2, 3 டெசிபல் தாழ்வாக வையுங்கள். 3 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் காது மிகக் கூர்மை என்பதால் அது தானாகவே முன்னால் வந்து நிற்கும்.

நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர் கிடைத்தால் கணக்கே வேண்டாம். பிட்ச் குமிழ் ±12% உள்ள கருவியில் கீழ் எல்லையில் பதிந்து மேல் எல்லையில் ஓட்டினால் 1.12-ஐ 0.88-ஆல் வகுத்தது, கிட்டத்தட்ட 4.2 செமிடோன். ஆனால் பீட்டையும் அதே கேசட்டில் ஏற்றியாக வேண்டும். கணினியில் ஓடும் பீட்டோடு சேர்த்தால் மோட்டார் ஆட்டத்தால் நகர்ந்துகொண்டே போகும்.

ஊசிமுனை

குரல் தேறிவிட்டது, பீட்டையும் பாருங்கள். சுத்தமான 24 பிட் பீட்டின் மேல் அந்தக் குரல் ஒட்டாது. அந்தத் தலைமுறையின் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டு) சத்தம் பெரும்பாலும் ஈ-மூ எஸ்பி-1200 என்ற சாம்பிளர் (ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும்) கருவியின் குறைபாட்டில் பிறந்தது. 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ், மொத்தமே 10 விநாடி நினைவகம், ஒரு சாம்பிளுக்கு அதிகபட்சம் 2.5 விநாடி. இடம் போதாததால் நிமிடத்துக்கு 33 சுற்று ஓடும் இசைத்தட்டை 45-இல் ஓட்டிப் பதிந்து, கருவிக்குள் வேகத்தை இறக்குவார்கள். 2.5 விநாடி இடத்தில் ஏறக்குறைய 3.4 விநாடி இசை அடங்கிவிடும். இறக்கும்போது உச்ச அதிர்வெண் 13-இலிருந்து 9.6 கிலோஹெர்ட்ஸுக்கு வந்துவிடும், அதற்கு மேல் ஒரு மணல் கலந்த ரீங்காரம் சேரும். மழைக்கு முந்தைய புழுக்கம் மாதிரி ஒரு கனம் அதில் இருக்கும். கணினியில் செய்ய: லூப்பை 1.35 மடங்கு வேகமாக்கி, 12 பிட் 26 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கும் பிட்-கிரஷரில் ஃபில்டர் இல்லாமல் ஓட்டிப் பதிந்துகொண்டு, பிறகு 0.7407-க்கு மெதுவாக்குங்கள். நேரடியாகக் கிரஷர் மட்டும் போட்டால் வெறும் கரகரப்புதான் மிஞ்சும்.

அந்த ஆல்பத்தின் சைக்கெடெலிக் (மயக்கம் தரும்) தன்மை எஃபெக்ட்டில் இல்லை, தேர்விலும் வெட்டிலும் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். 'கம் ஆன் ஃபீட்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-இல் வந்த 'லா பிளானெட் சவாஜ்' என்ற பிரெஞ்சு அனிமேஷன் படத்துக்கு அலாங் கோராகே அமைத்த இசை அடியில் ஊர்கிறது, அமெரிக்க இயக்குநர் மெல்வின் வான் பீபிள்ஸின் பேச்சு மேலே விழுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. அந்த இடைவெளியில்தான் மயக்கம் பிறக்கிறது. டிலே எதிரொலியைக் குவித்து அதை வாங்க முடியாது.

உரிமைப்பக்கம்

வெளியிடும் எண்ணம் இருந்தால் இதையும் படித்துவிடுங்கள். பழைய பாட்டிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு லூப்புக்கும் இரண்டு அனுமதி வேண்டும்: ஒலிப்பதிவுக்கு ஒன்று, பாடலுக்கு ஒன்று. டி லா சோல் என்ற அமெரிக்க ராப் குழுவின் முதல் ஆல்பம் 1989-இல் வந்தது. சாம்பிள் உரிமைச் சிக்கலால் ஸ்ட்ரீமிங்குக்கு வர 2023 மார்ச் ஆனது. 'கொஞ்சம்தானே எடுத்தேன்' என்ற வாதத்தை நம்ப வேண்டாம். பிரிட்ஜ்போர்ட் வழக்கில் 2005-இல் அமெரிக்க நீதிமன்றம் அனுமதி வேண்டும் என்றது சில விநாடி கிட்டார் துண்டுக்குத்தான். இந்தியாவில் ஒலிப்பதிவு உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அது முடிந்தாலும் இசையமைப்பாளர், கவிஞர் உரிமை அவர்கள் மறைந்த பின்னும் 60 ஆண்டு நீளும். அதனால் 1950-களின் சினிமாப் பாட்டின் மெட்டுத் தெரியும் துண்டு இன்னும் ஆபத்துதான். நீங்களே ஒரு கீபோர்டு, ஒரு தவில் வைத்துச் சொந்த மெட்டில் 20 நிமிடம் பதிந்து, அதை ஊசிமுனை சொன்ன முறையில் நசுக்கி, அதிலிருந்து லூப் வெட்டுங்கள். எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கேசட்மணி

நான்கு இலக்கம் போட்டதும் 16 பாரும் நூல் பிடித்த மாதிரி நின்றுவிட்டது. டீ-எஸ்ஸர் 8.5-இல் சரி. 'க்க' மட்டும் இன்னும் இரண்டு இடத்தில் விழுங்குகிறது, அந்த வரிகளை மறுபடி பதிய வேண்டும். தவில் லூப்பைக் கிரஷரில் ஓட்டும்போது வலந்தலையின் (தவிலின் வலப்பக்கம்) 'டிங்' ஓசை முழுக்கப் போய்விடுகிறதே?

ஊசிமுனை

அந்த ஓசையின் கூர்மையில் 9.6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள பகுதி போகத்தான் செய்யும். தொப்பிப் பக்கத்தை (இடப்பக்கம்) மட்டும் 1.35 முறையில் ஓட்டுங்கள். வலந்தலையைத் தனி டிராக்கில் வேகம் மாற்றாமல் கிரஷரில் அனுப்புங்கள், 13 வரை நிற்கும்.